ஓவியத்தைப் பிரதி எடுத்தால் தங்க நிறம் எங்கே போகிறது?

பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தைச் சித்தி அக்ரிலிக் பெயிண்டில் வரைந்திருந்தார். அந்த ஓவியத்துக்கு உறவினர்கள் பிரதி கேட்டார்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு கடை எடுத்துக் கொடுத்ததில் தூரிகைத் தடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மினுங்கியது, கறுப்பு சாம்பலாகியிருந்தது. சரி, நாமே எடுப்போம் என்று இறங்கினேன். ஏ3 அளவுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 17 மெகாபிக்சல் சொச்சம் போதும், என் 24 மெகாபிக்சல் கேமரா தாராளம்.

இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, அவற்றின் முன்னால் ஒரே திசையில் போலரைசிங் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸில் அதே வேலை செய்யும் போலரைசர் ஃபில்டர். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் பளபளப்பு சட்டென்று அணைந்து, அடியிலிருக்கும் கருநீலம் எழுந்து வரும். பார்க்கவே சுகம்! ஆனால் கலசத்தின் தங்க நிறமும் கூடவே செத்துப் பழுப்பாகிவிடும். அந்தப் பெயிண்டின் அழகே வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதுதானே. அதனால் கேமராவை அசைக்காமல் ஃபில்டரைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுத்து, கலசத்தை மட்டும் அதிலிருந்து வெட்டி, ஃபோட்டோஷாப்பில் மேலே வைத்தேன். மினுக்கத்தைக் கொஞ்சம் குறைத்ததும் பொருந்திவிட்டது.

நிறம் சரியாக வரக் கலர் செக்கர் அட்டையும் (நிறத்தை ஒப்பிடும் மாதிரிக் கட்டங்கள்), தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலும் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) பயன்படுத்தினேன். பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது, நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும்.

அப்புறம் பினாங்கு ஈரக்காற்று. திறந்து வைத்த தாள் ஓரம் வளைந்து பிரிண்டர் ஹெட்டில் உரசும். சிலிகா ஜெல்லோடு மூடி வைத்து, ஏர்கோன் அறையில் அடிக்கிற நேரத்தில் மட்டும் எடுக்கிறேன். அடித்த பிரதியை ஒரு நாளாவது காயவிட்ட பிறகே கண்ணாடி போடுவேன். இல்லையென்றால் மையிலிருந்து வரும் ஆவி உள்பக்கம் படிந்து மங்கலாகிவிடும்.