டபுள் பேஸுக்கு (வயலின் குடும்பத்தின் பெரிய, அடிச்சுர வாத்தியம்) எந்த மைக்?

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ரெக்கார்டிங்குக்கா, மேடைக்கா? இரண்டுக்கும் ஒரே மைக் பொருந்துவது அபூர்வம்.

அமைதியான அறையில் ரெக்கார்டிங் என்றால் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக்தான் (பெரிய அதிர்வுத்தகடுள்ள, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) என் தேர்வு. பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முன்னால் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். எஃப் வடிவத் துளைக்கு நேராக மட்டும் வேண்டாம். அங்கே உள்காற்றின் அதிர்வு பொங்கி, சில சுரங்கள் மட்டும் குமுறும். மைக்கை விரல்பலகையின் கீழ்முனைப் பக்கம் நான்கு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். விரல் தந்தியைச் சுண்டும் அந்த 'டக்' தெளிவாக எழும். அதைக் கேட்டபிறகு ஈக்வலைசரைத் தொடவே மனம் வராது!

முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை ரொம்ப நெருக்கினால் அடிச்சத்தம் உப்பிவிடும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 டைனமிக் மைக்கில் இந்தத் தொல்லை குறைவு.

மேடையில், அதுவும் பக்கத்திலேயே டிரம்ஸ் இருந்தால், கதையே வேறு. டிபிஏ 4099 போன்ற கிளிப் மைக் அருமையாகக் கேட்கும். ஆனால் வால்யூம் ஏற ஏற ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து எழும் ஊளை) வரும். பிரிட்ஜில் அதிர்வை நேரடியாக மின்சைகையாக்கும் ஒரு பியெசோ பிக்கப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'இ' தந்தியின் கனத்தைப் பிக்கப்பிடம் விடுங்கள். பிக்கப்புக்கு 1 மெகாஓமாவது உள்ளீட்டு மின்மறுப்புள்ள ப்ரீஆம்ப் (மெல்லிய சைகையைப் பெருக்கும் கருவி) அவசியம், இல்லையென்றால் அடிச்சத்தமே கரைந்துபோகும். இரண்டையும் கலக்கும்போது ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தியும் எடுத்தும் கேளுங்கள். எதில் சத்தம் நிறைவாக இருக்கிறதோ, அதிலேயே விட்டுவிடுங்கள்.