சோமாலியா ஷில்லிங்: குலைந்துபோன ஓர் அரசை ஆல்பத்தில் அடுக்கும் முறை

எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் சோமாலியாவின் 1000 ஷில்லிங் நோட்டு சொற்ப விலைக்குக் கிடைக்கும். பையன்கள் மடிப்பு விழாத ஒன்றை வாங்கி, 'ஆப்பிரிக்கா' பக்கத்தில் செருகிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மணியார்டர் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணம் வராவிட்டால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று தெரியும். அரசே இல்லாமல் ஒரு நாடு பல ஆண்டுகள் எப்படி வாங்கி விற்று உயிர் பிழைத்தது என்பதை அந்த நோட்டை வைத்தே சொல்லிவிடலாம். அதற்கு ஆல்பத்தை எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் பக்கம் ஒற்றுமைக்கு. 1960 ஜூன் 26-இல் பிரிட்டிஷ் சோமாலிலாந்தும், ஜூலை 1-இல் இத்தாலியின் பொறுப்பில் இருந்த தெற்கும் விடுதலை பெற்று ஒரே நாடாயின. வடக்கே கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங், தெற்கே சோமாலோ என்று இரண்டு பணம் ஓடியது. 1962-இல்தான் பொது ஷில்லிங் வந்தது. அந்த வரிசை நோட்டுகள் விலை அதிகம். கட்டாவிட்டால் பையை வெறுமையாக விட்டு, விவரத்தை மட்டும் எழுதி வையுங்கள்.

அடுத்தது சியாத் பாரே காலம். 1969 அக்டோபரில் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தவர். இந்தக் காலத்து 100 ஷில்லிங் நோட்டை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். அதில் ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கூடவே துப்பாக்கியும் விவசாயக் கருவிகளும். அரசு தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதன் கீழே இரண்டு ஆண்டுகளைக் குறித்து வையுங்கள். ஒன்று 1977: ஒகடேன் பகுதிக்காக எத்தியோப்பியாவோடு போர் தொடங்கியது, மறு ஆண்டே தோல்வி. மற்றது 1988: வடக்கே கிளர்ச்சி செய்த ஹர்கெய்சா நகரின் மேல் சொந்த நாட்டு விமானப் படையே குண்டு போட்டது. அரசு உடைந்தது 1991-இல் என்று புத்தகங்கள் சொன்னாலும், என் கணக்கில் ஹர்கெய்சா மக்களுக்கு அது அன்றைக்கே உடைந்துவிட்டது.

பக்கத்திலேயே 1989-இன் 500 ஷில்லிங்கையும் 1990-இன் 1000 ஷில்லிங்கையும் வையுங்கள். நெடுங்காலம் 100 தான் பெரிய நோட்டாக இருந்த நாட்டில், கடைசி இரண்டே ஆண்டில் இவை அடுத்தடுத்து வந்தன. கஜானா காலியாகி, அச்சடித்தே காலம் தள்ளிய அரசு என்று சிறுவர்களுக்குக்கூடப் புரியும்.

1991 ஜனவரி கடைசியில் பாரே தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடினார். அவரை விரட்டியவர்களே அலி மஹ்தி, முகமது ஃபாரா அய்தீத் என்று இரு பிரிவாகி நகரத்தைப் பீரங்கியால் துளைத்தார்கள். மத்திய வங்கி இல்லாமல் போனது. நோட்டும் அதோடு செத்திருக்க வேண்டும்; சாகவில்லை. வேறு பணம் இல்லாததால் சந்தையில் ஷில்லிங்கே ஓடியது. இங்கே 1991 என்று ஆண்டு போட்ட 20, 50 'புது ஷில்லிங்' நோட்டுகளைச் சேருங்கள். வடக்கு மொகதிஷுவை வைத்திருந்த அலி மஹ்தி தரப்பு வெளியிட்டவை. அவர்கள் பகுதிக்கு வெளியே அவற்றை யாரும் மதிக்கவில்லை. பழகிய நோட்டை நம்பினார்கள், புதியவர்களின் நோட்டை நம்பவில்லை.

இனி 1000 ஷில்லிங்குக்கே முழுப் பக்கம் ஒதுக்குங்கள். முன்புறம் கூடை முடையும் பெண்கள், பின்புறம் துறைமுகம். 1990 என்று ஆண்டு போட்டதில் இரண்டு மூன்றும், 1996 என்று போட்டதில் ஒன்றும் வாங்குங்கள். 1996-இல் மொகதிஷுவில் மத்திய வங்கி ஏது? போர்த் தலைவர்களும் பெரிய வியாபாரிகளும் வெளிநாட்டில் அச்சடித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1990 என்றே போட்டு வந்தவையும் ஏராளம். ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பாருங்கள்: நீர்க்குறி தெளிவா மங்கலா, பெண்களின் முகக் கோடுகள் கூர்மையா இழுபட்டா, தாள் விறைப்பா தொளதொளப்பா. வித்தியாசத்தைக் கண்ணே சொல்லும். 2017-இல் சர்வதேச நாணய நிதியம், புழக்கத்தில் இருக்கும் சோமாலிய நோட்டில் சுமார் 98 சதவீதம் போலி என்றது. அதனால் 'ஒரிஜினலா?' என்று வியாபாரியிடம் சண்டை போடாதீர்கள். போலிகளும் இந்தக் கதையின் பாத்திரங்களே.

ஓயாமல் அச்சடித்ததில் நோட்டின் மதிப்பு, அடித்துக் கொண்டுவரும் செலவுக்கே இறங்கியது. அமெரிக்கக் காசில் சில சென்ட். அதற்குக் கீழே போனால் அடிப்பவருக்கு லாபமில்லை என்பதால் அங்கேயே நின்றது. சிறு நோட்டுகள் தாள் விலைகூடப் பெறாமல் மறைந்தன. பெரிய வியாபாரம் டாலருக்கு மாறியது. கூலிக்காரரும் காய்கறி விற்பவரும் மட்டும் ஷில்லிங்கில் மாட்டிக்கொண்டார்கள். 2008 மே மாதம் மொகதிஷுக் கடைக்காரர்கள் பழைய 1000 நோட்டை வாங்க மாட்டோம் என்றார்கள். ஏற்கெனவே விலைவாசி எட்டாத உயரம். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. கையில் இருக்கும் ஒரே பணத்துக்கு அரிசி கிடைக்காது என்று கேட்டவரின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

அதனால்தான் சொல்கிறேன், புது நோட்டை மட்டும் வாங்காதீர்கள். கசங்கி, அழுக்கேறி, நடுவில் டேப் ஒட்டிய ஒன்று கட்டாயம் வேண்டும். வியாபாரிகள் அதைக் கழிவென்று ஒதுக்கியிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஓய்வு பெற்ற கப்பல்காரர்களையும் ராணுவத்தாரையும் விசாரியுங்கள். 1993, 94-இல் ஐ.நா. படையில் இந்தியப் படைப் பிரிவு ஒன்று பைடோவா வட்டாரத்தில் பணியாற்றியது. அங்கிருந்து வந்த நோட்டு கிடைத்தால், யாரிடம், எப்போது வாங்கினார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சோமாலிலாந்துக்குத் தனிப் பக்கம் போடுங்கள். 1991 மே 18-இல் பிரிந்ததாக அறிவித்து, 1994-இல் சொந்த ஷில்லிங்கை வெளியிட்டார்கள். 1988-இல் தரைமட்டமான ஹர்கெய்சாவே அதன் தலைநகர். அதையும் மொகதிஷு நோட்டையும் ஒரே பையில் திணிப்பது அங்கே செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கடைசிப் பக்கத்தில் நோட்டு வராது. வெளிநாட்டுச் சோமாலியர்கள் ஹவாலா மூலம் வீட்டுக்கு அனுப்பிய பணம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2001 நவம்பரில் பயங்கரவாதக் குற்றச்சாட்டின் பேரில் அல் பரகாத் என்ற ஹவாலா நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியபோது அடி விழுந்தது அந்த அடுப்புகளில். பிறகு கைபேசிப் பணம் வந்தது: சோமாலிலாந்தில் 2009-இல் சாட், தெற்கே 2011-இல் ஈவிசி பிளஸ். பழைய ஹவாலா ரசீது கிடைத்தால், அனுப்பியவர், பெற்றவர் பெயர்களை மறைத்து வையுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கலாம்.

பழைய நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பிவிசி உறையில் வைத்தால் தாள் பிசுபிசுத்துக் கெடும். பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். டேப்பை உரிக்க வேண்டாம், அது அங்கே ஒட்டியது.