உழவு இயந்திரக் கராச்சில் வேலை பழக ஆள் எடுப்பதும் பழக்குவதும்

காலபோக விதைப்புக்கு முன், லாண்ட்மாஸ்டர் எனப்படும் இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள் கராச் வாசலில் வரிசை கட்டி நிற்கும் புரட்டாசியில்தான் பலர் ஆள் தேடுகிறார்கள். அப்போது சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் நேரம் இராது. வந்த பெடியன் கூட்டுவான், தேத்தண்ணி வாங்கி வருவான், ஸ்பனர் எடுத்து நீட்டுவான். தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனால் திரும்ப மாட்டான். அதனால் அறுவடை முடிந்து வேலை தளரும் பங்குனியில் எடுங்கள். ஒழுங்காகப் பழக்கினால் அடுத்த புரட்டாசிக்குள் சேர்விஸ் வேலையைத் தனியே பார்க்கும் கை ஒன்று சேர்ந்துவிடும்.

யாரை எடுப்பது

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 முதல் 16. ஆனால் 18 நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் விடச் சட்டம் இடம் தராது. கிறைண்டரும் வெல்டிங்கும் ஜக்கில் தூக்கிய ட்ராக்டரும் இல்லாத கராச் ஏது? 18 நிரம்பியவரையே எடுங்கள்.

எங்கிருந்து வருகிறார் என்று கேளுங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய், அக்கராயன் பக்கத்து உள்கிராமங்களுக்குக் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். வேலையை ஐந்தரைக்கு முடிப்பதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிவரை மறித்தால், அவர் நின்றுவிடுவது உங்கள் பிழை.

சான்றிதழைவிட இரண்டு சிறு சோதனைகள் அதிகம் சொல்லும். கலந்து கிடக்கும் நட்டு, போல்ட்டு ஒரு பெட்டியைக் கொடுத்து இருபது நிமிடத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். நீளம், தடிப்பு, புரி மூன்றையும் பார்க்கிறாரா, நீளத்தை மட்டுமா? பிறகு சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். கழற்றிய வாசர்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே நிலத்தில் அடுக்கி வைப்பவரை எடுங்கள். வேகம் பிறகு வரும்.

போரில் கால் இழந்தவர் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டனேட்டர், எஞ்சினுக்குள் டீசல் பீச்சும் நொசில் வேலைகள் எல்லாம் மேசையில் இருந்து செய்பவை. மேசை உயரத்தையும் வைஸ் இருக்கும் இடத்தையும் அவருக்கேற்ப மாற்றினால் போதும்.

எழுத்தில் வைக்க வேண்டியவை

வேலை நேரம், லீவு, மாதக் கொடுப்பனவு, எந்த வேலை பழகியபின் எவ்வளவு கூடும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மேசன் வேலைக்குப் போனால் நாட்கூலி கையில் வரும் என்பது அவருக்குத் தெரியும். உங்களிடம் கூடுவது எப்போது என்று தெரியாவிட்டால் அங்கேதான் போவார்.

பழகுபவருக்கு ஊழியர் சேமலாப நிதி தேவையில்லை என்று நினைப்பது தவறு. சம்பளம் பெறும் பழகுநரும் அதற்குள் அடங்குவார். அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3 வீதம். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஊடாக ஒப்பந்தம் செய்து எடுப்பதே நல்லது. முடிவில் அவருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கும், பெற்றோரும் நம்பி அனுப்புவார்கள்.

முதல் இரண்டு வாரம்

ரப்பர் செருப்போடு வருவார். சப்பாத்தும் கண்ணாடியும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கையில் கட்டிய கோயில் நூலும் காப்பும் வேலை நேரத்தில் வேண்டாம்: நூலைப் பெல்ட் இழுக்கும், இரும்புக் காப்புப் பற்றறி முனைகளுக்குக் குறுக்கே பட்டால் சிவக்கச் சுட்டு மணிக்கட்டை எரிக்கும். காரணத்தோடு சொன்னால் கழற்றுவார்கள்.

போர் நடந்த வன்னியில் வெடிக்காத குண்டுகள் பற்றியும் முதல் நாளே சொல்ல வேண்டும். வெட்டி ஒட்டவென்று வரும் பழைய இரும்புக்குள் மூடிய குழாய், உருளை, இன்னதென்று தெரியாத எதுவும் இருந்தால் தட்டவோ சூடாக்கவோ வெட்டவோ கூடாது. அசைக்காமல் விட்டு, ஆட்களை விலக்கி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். டீசல் தாங்கியை “வெறுமைதானே” என்று ஒட்டப் போவதும் அப்படித்தான். உள்ளே நிற்கும் ஆவி போதும் வெடிக்க.

அடுத்தது ஸ்பனர். மசி பேர்குசன் 135 ட்ராக்டரில் பழைய போல்ட்டுகள் அங்குல அளவு, குபோட்டா ட்ராக்டரில் மில்லிமீற்றர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13ஆம் ஸ்பனர் அதில் ஏறும், ஆனால் ஆடும், இறுகிய போல்ட்டின் மூலைகளை உருட்டிவிடும். இரண்டு செட்டையும் வேறுவேறு தட்டில் வையுங்கள்.

இறுக்கும் அளவு வாயால் சொல்லி வராது. பழைய எஞ்சின் துண்டொன்றை வைஸில் பிடித்து, தலையில் 8.8 என்று தரம் பொறித்த எம்6 (6 மில்லிமீற்றர் தடிப்பு) போல்ட்டை 10, எம்8ஐ 25, எம்10ஐ 50 நியூட்டன் மீற்றரளவில், இறுக்கும் விசையைக் காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுக்கக் கொடுங்கள். பிறகு சாதாரண ஸ்பனரால் இறுக்கவைத்து டோர்க் ஸ்பனரால் சரிபாருங்கள். கடைசியில் ஒரு எம்6ஐ முறியும்வரை இறுக்கச் சொல்லுங்கள். முறிவதற்குச் சற்று முன் போல்ட்டு இளகுவதுபோல் கைக்குத் தெரியும். அந்த உணர்வைப் பழகிய கை பிறகு ஒயில் பிளக்கின் புரியைத் தின்னாது.

வேலைகளின் ஒழுங்கு

ஒரு கொப்பியில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்க்க, ஒருமுறை நீங்கள் பக்கத்தில் நிற்கச் செய்ய, மூன்றுமுறை தனியே செய்து உங்களிடம் காட்ட வேண்டும். மூன்றும் சரியென்றால் கையெழுத்திட்டு அடுத்ததற்கு விடுங்கள்.

முதல் மூன்று மாதம் சேர்விஸ்: ஒயில், பெல்ட், டீசல் பில்டர், டீசல் குழாயில் சிக்கிய காற்று எடுத்தல், எயார் கிளீனர். எயார் கிளீனரில்தான் நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் புழுதியில் எஞ்சின் சாவது அதனால்தான். காற்றின் புழுதியை அடியிலுள்ள ஒயிலில் பிடிக்கும் ஒயில் குளியல் வகையில் ஒயில் கோட்டுக்குக் கீழே போனால் புழுதி உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டரையும் அராவும். கோட்டுக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி எரித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடக்கூடும். காய்ந்த மண்ணில் உழும் நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் பொறுப்பையும் பழகுபவரிடமே கொடுங்கள். மற்றவருக்கு விளக்கும்போது தனக்கும் பதியும்.

நொசில் பீச்சும்போது கையை நீட்டக்கூடாது. அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காம் மாதத்திலிருந்து கிளச், பிறேக். எட்டு, ஒன்பது மாதம் போனபின்தான் ஹெட்டும் வால்வும். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியபின், அந்த எஞ்சினின் புத்தகத்தில் உள்ள அளவுக்கே வைக்கப் பழக்குங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து குறுக்குமறுக்காக மூன்று தடவையில் இறுக்க வேண்டும். ஒரே தடவையில் இறுக்கினால் ஹெட் வளையும், கஸ்கெட் ஊதும்.

பிழை விட்டால்

உடைந்த சாமானின் காசைச் சம்பளத்தில் வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்த பிழை மறைக்கப்படும். புரி தின்ற ஒயில் பிளக்கைப் பசை பூசி மூடி அனுப்புவார், அது வயலில் கழன்று, ஒயிலில்லாமல் எஞ்சின் இறுகும். உடனே சொல்லியிருந்தால் நட்டம் ஒரு பிளக்கோடு நின்றிருக்கும். உடனே வந்து சொன்னவரை வாடிக்கையாளர் முன் ஏசாதீர்கள். அன்றே அதே வேலையை மறுபடி செய்யக் கொடுங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் பல வருடம் நின்று பழகி, கடதாசி ஒன்றும் இல்லாதவர் இருந்தால் அவரையும் விடாதீர்கள். வேலையில் ஏற்கெனவே பழகியதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் நைட்டாவிடம் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் என்பது மேற்பார்வையில்லாமல் வேலை செய்யத் தெரிந்தவருக்கு உரியது. செய்த வேலைகளுக்குச் சான்று கேட்பார்கள், அப்போது நீங்கள் கையெழுத்திட்டு வந்த கொப்பியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.