முதுமலைக்கு நாயோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூர் போவது பொதுச் சாலைதான், காரில் நாய் இருந்தால் போகக்கூடாதா என்று கேட்கிறார்கள். போகலாம், ஆனால் அந்தச் சாலை புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிறது. நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் 'நாய்க்கு ஒன்றுக்கு வருது, ரெண்டே நிமிஷம்' என்று வண்டியை ஓரங்கட்டுகிறார்களே, அதுதான் முதல் தவறு.

போன வருஷம் அப்படி நின்ற ஒரு காருக்குப் பின்னால் நாங்களும் நிற்க வேண்டியதாகிவிட்டது. லேப்ரடார் ஒன்று இறங்கி மூங்கில் புதரை மோந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் புள்ளிமான், பின்னால் குட்டி. மான் முன்னங்காலைத் தரையில் தட்டியது, மறுபடியும் தட்டியது, அப்புறம் வீறிட்டுக் கத்தியது. மான் கூட்டமே சிதறி ஓட, குட்டி மட்டும் வழி தெரியாமல் ரோட்டுக்கே வந்துவிட்டது. நாய் குரைக்கக்கூட இல்லை. "பெல்ட் போட்டுத்தானே பிடிச்சிருக்கோம்" என்றார் நாயின் சொந்தக்காரர். மான் பெல்ட்டையா பார்க்கும்? அது செந்நாய்க்குப் பயந்து வாழ்கிற மான்.

பெல்ட்டையும் கழற்றிவிட்டால் இன்னும் மோசம். குட்டியோடு நிற்கிற யானையைப் பார்த்து நாய் குரைத்தால் யானை துரத்தும், நாய் உயிர் பிழைக்க ஓடி வருவது நேராக உங்களிடம்தான்.

அடுத்து, 'ஊசியெல்லாம் போட்டாச்சு' என்கிற தைரியம். கேட்டால் பல பேர் ரேபிஸ் ஊசி மட்டும் போட்டிருப்பார்கள். டிஸ்டெம்பர் என்று நாய்களுக்கு வரும் கொடிய தொற்றுநோய் ஒன்று இருக்கிறது, அந்த வைரஸ் நாயின் சளி, எச்சில், சிறுநீர் வழியாகவும் வெளியே வரும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டுப்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இதில் செத்தன, சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து தொற்றியிருக்கும் என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2018-இல் நம் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோதும் இதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. புலிக்கும் செந்நாய்க்கும் இது வரும். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ வைரஸ் நாய்க் கழிவு விழுந்த மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், அள்ளி எடுத்தாலும் மிச்சம் அங்கேயே இருக்கும். எல்லா ஊசியும் போட்ட நாயாகவே இருக்கட்டும், காட்டில் இறக்க அது அனுமதிச் சீட்டு இல்லை.

சஃபாரிக்குப் போகும்போது காரிலேயே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டால் போதும் என்பது பொய், வெயிலில் நிற்கிற கார் சில நிமிஷத்தில் கொதிக்க ஆரம்பித்துவிடும். மசினகுடிப் பக்கம் தங்கினால் ராத்திரி வராந்தாவில் கட்டிப்போடவும் கூடாது. சிறுத்தை வந்தால் கட்டிய நாய் எங்கே ஓடும்?

வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போக முடிந்தால் அதுவே நல்லது. முடியவில்லையா, சரி, ராத்திரி 9 மணிக்கு இதே சாலையில் கர்நாடகப் பக்கம் வரும் பந்திப்பூர் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் பகலிலேயே கிளம்புங்கள். கூடலூர் ஊருக்குள்ளேயே தண்ணீர் காட்டி, ஒன்றுக்கு விட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் காட்டைத் தாண்டி குண்டல்பேட்டை ஊர் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.