கறை பிடித்த பழைய தபால் முத்திரைகளைக் கழுவுவது

எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் முத்திரைக்கு ஆகாது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு தாளிலும் படியும். போத்தல் தண்ணீரே எடுங்கள். பின்பசையோடு இருக்கும் பாவிக்காத முத்திரையை நனைக்கவே வேண்டாம். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து இலங்கை முத்திரைகள் பலவற்றில் ஊதா, பச்சை மை கரைந்துவிடும். அவற்றையும் விடுங்கள்.

செம்மஞ்சள் முத்திரை கறுத்திருந்தால் அநேகமாக அது அழுக்கில்லை, காற்றிலுள்ள கந்தகத்தின் வேலை. பாமசியில் விற்கும் 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். கருமை விலகி நிறம் மெல்ல மேலே வரும். எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே தடித்த புத்தகம் ஒன்று.

பழுப்புப் புள்ளி அநேகமாகப் பூஞ்சணம், முழுதாகப் போகாது. புளீச் போட்டால் தாள் நார்நாராகிவிடும். மாரி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஒன்றும் காயாது.