கோயில் மேல் தேவாலயம்: குஸ்கோ போகும் நெல்லைக்காரர்களுக்கு

பெரு நாட்டுக் குஸ்கோவில் இறங்கியதும் ஓடியாடாதீர்கள். நம்ம பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான், அந்த ஊரோ சுமார் 3,400; அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். முதல் நாள் கோக்கா இலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். மறுநாள் சாந்தோ தொமிங்கோ தேவாலயம்: ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் கோயில் மேல் ஸ்பானியர் கட்டியது. ஊர்ச் சுற்றுலாச் சீட்டு இதற்குச் செல்லாது, தனியாக வாங்கணும்.

ஓவியங்களை அப்புறம் பார்க்கலாம், நேரே முற்றத்தை ஒட்டிய அறைகளுக்குப் போங்கள்: இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின் சுவர்கள் அங்கேதான் இருக்கின்றன, சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி, உள்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டியவை, 1950 நிலநடுக்கத்தில் ஸ்பானியர் கட்டிய பகுதி பலமாகச் சேதமடைந்தபோதும் தாங்கி நின்றவை. நெல்லையப்பர் கோயில் தூணைத் தட்டிப் பழகிய கை சும்மா இருக்காது, ஆனாலும் தொடாதீர்கள்.

வெளியே வந்து கீழே தோட்டத்துப் பக்கமிருந்து அந்த வளைந்த கருங்கல் சுவரையும் பார்த்துவிடுங்கள். அதன் தலையில் தேவாலயம் ஏறி உட்கார்ந்திருப்பது அங்கிருந்துதான் தெரியும்.