மொழிபெயர்ப்பாளருக்குக் கமிட் உரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் புதிதாக வரும் மொழிபெயர்ப்பாளர்கள், ஓரிரு கோப்புகளை முடித்த கையோடு திட்டத்தின் கோப்புகள் அனைத்தும் இருக்கும் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் கமிட் உரிமையைக் கேட்கிறார்கள். அவ்வுரிமையைப் பெறுவதிலும் தருவதிலும் நேரும் தவறுகளையே இங்கே சொல்கிறேன். எழுத்துப்பிழைகளும் சீரற்ற கலைச்சொற்களும் தாமே தெரியவரும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோதிக்காத கோப்பைச் சேர்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘இத்தனை கோப்புகள் இந்தக் கோப்புறைக்கு நகலெடுக்கப்பட்டன’ என்னும் செய்தியின் ஆங்கில மூலத்தில் எண் வந்து அமரும் இடத்துக்கான குறி (%d) முதலிலும் கோப்புறைப் பெயருக்கான குறி (%s) அடுத்தும் வரும். தமிழில் கோப்புறையே முன்னே வருவது இயல்பு என்பதால், மொழிபெயர்ப்பாளர் இரண்டு குறிகளையும் இடம் மாற்றிவிடுகிறார். சதவீதக் குறியை அடுத்து வரிசை எண்ணையும் டாலர் குறியையும் (%2$s என்பதுபோல) இடாமல் இப்படி மாற்றினால், சி மொழியில் எழுதப்பட்ட நிரல் கோப்புகளின் எண்ணிக்கையை நினைவக முகவரியாகக் கருதிப் படிக்க முயன்று நின்றுபோகக்கூடும்.

நான் அறிந்த ஒரு திட்டத்தில் இதுவே நடந்தது. நிரலாளர்கள் அனைவரும் ஆங்கில இடைமுகத்திலேயே சோதித்ததால் பிழை யார் கண்ணிலும் படாமல் வெளியீட்டில் சென்று, தமிழ் இடைமுகத்தை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் செயலி மூடிக்கொண்டது. சினமுற்ற பராமரிப்பாளர், தவறிழைத்தவரோடு நிற்காமல் எல்லா மொழிக் குழுக்களின் உரிமையையும் பறித்தார். மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் தொகுப்பிலுள்ள msgfmt கருவியை அதன் சோதனை விருப்பத்துடன் (--check) ஒருமுறை இயக்கியிருந்தால், பிழையுள்ள இடத்தை வரி எண்ணோடு சுட்டிக்காட்டியிருக்கும். எல்லாத் திட்டங்களும் இச்சோதனையைத் தானாகச் செய்வதில்லை. ஆகவே கமிட் உரிமை பெற்றவர் அதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும், கொள்ளாதவருக்கு அவ்வுரிமை கூடாது.

உரிமையைப் பாராட்டாக வழங்குவது

உழைப்புக்கான அங்கீகாரம் வேறு, எழுதும் உரிமை வேறு. இணையவழி மொழிபெயர்ப்புத் தளமான வெப்லேட்டில் மொழிபெயர்ப்பவரின் பெயர் கமிட்டின், அதாவது களஞ்சியத்தில் பதியப்படும் மாற்றத்தின், ஆசிரியராகவே பதிவாகிறது. அதற்கு அவருக்குக் களஞ்சிய உரிமை தேவையில்லை. குனோம் என்னும் மேசைத்தளத் திட்டம் தன் மொழிபெயர்ப்புகளுக்கென நடத்தும் டேம்ன்ட் லைஸ் தளமும் மொழிபெயர்ப்பவர், மெய்ப்பு பார்ப்பவர், கமிட் செய்பவர் எனப் பொறுப்புகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. குழுவில் ஒருவர் பார்க்காத கோப்பை, உரிமை இருக்கிறது என்பதற்காக எழுதியவரே சேர்க்கக் கூடாது.

யாருக்கும் தராமலிருப்பது

இது பராமரிப்பாளர்களின் தவறு. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவியின் களஞ்சியத்தில் ஒரு கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை தருவது, அதே பணிக்கான பழைய கருவியான சப்வெர்ஷனைப் போல எளிதன்று என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அதற்கு வழி உண்டு: கேடிஇ என்னும் மேசைத்தளத் திட்டம் தன் நிரல்களைக் கிட்டுக்கு மாற்றிய பின்னும் மொழிபெயர்ப்புகளைச் சப்வெர்ஷனில் தனியே வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்டி என்னும் தானியங்கியால் இரண்டையும் இணைக்கிறது. வழியே இல்லாத திட்டங்களில், ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் காலத்தில், அதாவது வெளியீட்டுக்கு முன் மூலச் செய்திகளை மாற்றாமல் நிறுத்திவைக்கும் காலத்தில், இரவு பகலாகச் செய்த வேலை, வெளியீடு முடியும்வரை எவரும் இணைக்காத கோரிக்கையாகக் கிடக்கிறது. மொழிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளருக்காவது உரிமை தந்தால் இத்தேக்கம் பெருமளவு நீங்கும்.

பழைய நகலைக் கொண்டு மேலெழுதுவது

கோப்பைச் சேர்க்கும் முன், களஞ்சியத்திலிருந்து உங்கள் நகலை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

விலகியவரின் உரிமையை நீக்காமல் விடுவது

ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் முன் உரிமை பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்.